கடைக் கமராவும் ஒரு சிப்பாய்: இணைய விளையாட்டுச் சேவைகள் மீதான தாக்குதல்கள்

போன தவணை விடுமுறையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு தம்பி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். எதையோ கேட்கப் போகிறான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ராத்தா, கொஞ்சம் சல்லி தாங்களேன். ஆயிரத்து ஐந்நூறு போதும்."

"என்னத்துக்கு?"

"ஒரு ஆளைக் கேமில இருந்து தூக்கணும். உம்மாக்கிட்ட சொல்ல வேணாம்."

அவன் தரம் 9 இல் படிக்கிறான். போனில் விளையாடும் விளையாட்டு ஒன்றில் யாரோ ஒரு பையன் அவனைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தானாம். அந்தப் பையனின் இணைப்பைப் பத்து நிமிடத்துக்கு அறுத்துவிட ஒரு சேவை இருக்கிறது, காசு கட்டினால் போதும் என்று வகுப்புக் கூட்டாளி ஒருவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பள்ளிவாசல் வாசலில் கூட்டாளியின் செருப்பை ஒளித்து வைப்பது போன்ற ஒரு பகிடியாகத்தான் தம்பி அதை நினைத்திருந்தான்.

நான் சல்லி கொடுக்கவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. இதை வாசிக்கும்போதுதான் உம்மாவுக்குத் தெரியவரும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவள் என்ற முறையில், அந்தத் தாக்குதலின் பெயரையும் அதற்குப் பரீட்சையில் எழுத வேண்டிய இரண்டு வரி விளக்கத்தையும் நான் அறிந்திருந்தேன். ஆனால் அதை விற்பவர்கள் யார், யாருடைய இயந்திரங்களைக் கொண்டு அதைச் செய்கிறார்கள் என்று தம்பி கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. விடுமுறையின் மிச்ச நாட்களில் தேடி வாசித்து விளங்கிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாக்குதலையே விளங்கிக்கொள்வோம். நமது பாடசாலைக் கன்டீனை நினைத்துப் பாருங்கள். இடைவேளை 20 நிமிடம். பரிமாறும் யன்னல்கள் இரண்டு. ஒரு நாள் முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் பசியில்லை. ஒவ்வொருவரும் யன்னலுக்கு வந்து "மாமி, றோல்ஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே திரும்பிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொள்கிறார்கள். பூட்டு உடையவில்லை, பெட்டியில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் உண்மையில் பசியோடு வந்த பிள்ளைக்கு மணி அடிக்கும்வரை ஒன்றும் கிடைக்காது. பரவலாக்கப்பட்ட சேவை மறுப்புத் தாக்குதல் என்று நாம் படிப்பது இதைத்தான். பல ஆயிரம் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஒரு சேவையகத்தை வீண் கேள்விகளால் மூழ்கடிக்கின்றன. அந்த முந்நூறு பேரை அனுப்பியவர் வரிசையில் நிற்கத் தேவையில்லை, கன்டீன் பக்கம் வரவும் தேவையில்லை.

ஊடுருவித் திருடுவது இதிலிருந்து வேறானது. செய்திகளில் இரண்டையும் "ஹேக்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் பெற்றோருக்குக் குழப்பம் வருகிறது. திருட்டுக்கு மிகப் பெரிய உதாரணம் 2011 இல் நடந்தது. அந்த வருடம் ஏப்ரல் 17 க்கும் 19 க்கும் இடையில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வலையமைப்புக்குள் யாரோ நுழைந்தார்கள். 20 ஆம் திகதி நிறுவனம் சேவையை நிறுத்தியது. விளையாடுவோரின் தகவல்கள் களவு போயின என்பதை 26 ஆம் திகதிதான் வெளியில் சொன்னது. பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 7 கோடியே 70 இலட்சம். பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல், பிறந்த திகதி, கடவுச்சொல் எல்லாம் அதில் அடக்கம். சேவை மூன்று கிழமைக்கும் மேல் மூடிக் கிடந்தது. சோனியின் உயர் அதிகாரி கஸுவோ ஹிராய் மே 1 ஆம் திகதி டோக்கியோவில் பத்திரிகையாளர் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். 2013 ஜனவரியில் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் அந்நிறுவனத்துக்கு 250,000 பவுண் அபராதம் விதித்தது.

இதில் என்னை நின்று யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. திருட்டு நடப்பதற்குச் சற்று முன்னர், அதே ஏப்ரலில், அனொனிமஸ் என்ற குழு சோனியின் தளங்களை முடக்கும் தாக்குதல்களை நடத்தியது. பிளேஸ்டேஷன் கருவியின் பூட்டைத் திறந்து காட்டிய ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் மீது சோனி வழக்குப் போட்டதற்கான எதிர்ப்பு அது. தகவல்களைத் திருடியது தாங்கள் அல்ல என்று அந்தக் குழு மறுத்தது. சோனியோ, முடக்கல் தாக்குதலைச் சமாளிப்பதில் கவனம் போனதால் திருடனைக் கண்டுபிடிப்பது கடினமாயிற்று என்று அமெரிக்கக் காங்கிரஸுக்கு எழுதியது. முன்வாசலில் கூச்சல் போடுகிறவர்கள் வேறு, பின்வாசலால் புகுந்தவர் வேறு என்றே வைத்துக்கொண்டாலும், கூச்சல் போட்டவர்கள் தாங்கள் அறியாமலே அவருக்கு உதவியிருக்கலாம்.

தம்பி கேட்ட சேவையின் கதை 2014 இல் இருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். அந்த வருடம் லிசார்ட் ஸ்குவாட், அதாவது பல்லிப் படை, என்ற பெயரில் ஒரு சிறு குழு தலைகாட்டியது. ஓகஸ்ட் 24 ஆம் திகதி அவர்கள் பிளேஸ்டேஷன் வலையமைப்பை முடக்கினார்கள். அது போதாதென்று, சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்த விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக டுவிட்டரில் எழுதினார்கள். டலஸிலிருந்து சான் டியாகோ போய்க்கொண்டிருந்த அந்த விமானம் பீனிக்ஸ் நகரில் இறக்கப்பட்டது. குண்டு எதுவும் இருக்கவில்லை. ஆனால் விமானத்துக்குள் இருந்தவர்களுக்கு அது அப்போது தெரியாதே.

பிறகு டிசம்பர் 25. மேலை நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கிறிஸ்மஸ் பரிசாகக் கிடைத்த புது விளையாட்டுக் கருவியின் பெட்டியைத் திறக்கும் நாள் அது. அந்தக் காலையில் பிளேஸ்டேஷன் வலையமைப்பும் மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் லைவ் சேவையும் விழுந்தன. பெருநாள் காலையில் புது உடுப்பைக் கையில் கொடுத்துவிட்டு அறைக் கதவைப் பூட்டியது போல் இருந்திருக்கும். விளையாட்டுச் சேவைகளை இவர்கள் தெரிந்தெடுக்கும் காரணமும் இதில் விளங்குகிறது. அந்தச் சேவைகளில் கூட்டம் எப்போது கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு வினாடி தாமதித்தாலே ஆட்டம் கெட்டுவிடும். கெட்டால் விளையாடுகிறவர்கள் உடனே உலகம் கேட்கக் கத்துவார்கள். புகழ் தேடுகிறவனுக்கு இதைவிட மலிவான மேடை ஏது?

இது வெறும் குறும்பு அல்ல என்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் அதே குழு, காசு கொடுத்தால் யாரையும் முடக்கித் தருவதாக ஒரு வாடகைச் சேவையைத் திறந்தது. பிள்ளைகளின் பெருநாளைக் கெடுத்தது அந்தக் கடைக்கு விளம்பரமாகிவிட்டது. அந்தச் சேவைக்குப் பலம் கொடுத்தவை, ஆயிரக்கணக்கான வீடுகளில் சொந்தக்காரர் அறியாமல் வசப்படுத்தப்பட்டிருந்த ரவுட்டர்கள். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை ஒருவரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பிக்கு இரண்டு தரம் சொன்னேன். 2015 ஜனவரியில் அந்த வாடகைச் சேவையே ஊடுருவப்பட்டது. பதிவுசெய்திருந்த 14,241 பேரின் பட்டியல் வெளியே வந்தது. அவர்களுடைய கடவுச்சொற்கள் எந்த மறைப்புமின்றி, கொப்பியில் எழுதி வைத்தது போல, அப்படியே கிடந்தன. அடுத்த ஓகஸ்டில் பிரித்தானியாவின் தேசியக் குற்றத்தடுப்பு முகவரகம் அதைப் பயன்படுத்திய ஆறு பேரைக் கைது செய்தது. எல்லாரும் 15 இலிருந்து 18 வயது வரையான பையன்கள். அவர்கள் தாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவற்றில் விளையாட்டு நிறுவனங்களோடு ஒரு பாடசாலையும் இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டு ஒருவரையும் தாக்காமல் இருந்தவர்களையும் அதிகாரிகள் விடவில்லை. சுமார் 50 வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி எச்சரித்தார்கள்.

"பேரைப் பதிஞ்ச எல்லாருடைய லிஸ்ட்டுமா வந்தது?" என்று தம்பி கேட்டான்.

"எல்லாருடையதும்தான்."

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிந்துவிட்டானா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

இனி நான் அதிகமாக வாசித்த பகுதிக்கு வருகிறேன். மைன்கிராப்ட் என்ற விளையாட்டைப் பல பிள்ளைகள் அறிவார்கள். கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் சாதுவான விளையாட்டு. பலர் சேர்ந்து விளையாடுவதற்குத் தனியார் சேவையகங்களை நடத்துகிறார்கள். கூட்டம் சேர்ந்தால் அதில் நல்ல வருமானம். ஒரு சேவையகம் அடிக்கடி விழுந்தால் பிள்ளைகள் பொறுமையிழந்து அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆகவே போட்டியாளரின் சேவையகத்தை விழுத்துவது ஒரு வியாபாரத் தந்திரமாகிவிட்டது. விழாமல் காப்பாற்றித் தருவதும் இன்னொரு வியாபாரமாக வளர்ந்தது. அமெரிக்காவில் பராஸ் ஜா என்ற பல்கலைக்கழக மாணவரும் அவருடைய இரு கூட்டாளிகளும் 2016 இல் இதன் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். காப்புச் சேவை விற்கும் நிறுவனம் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. தாக்கும் படை ஒன்றும் இருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம்மவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

அந்தப் படையின் பெயர் மிராய். ஜப்பானிய மொழியில் "எதிர்காலம்" என்று பொருள். அதன் சிப்பாய்கள் கணினிகள் அல்ல. இணையத்தில் இணைந்திருந்த பாதுகாப்புக் கமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவைதான். மிராய் செய்த வேலை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. இணையத்தில் கண்ட முகவரியை எல்லாம் தட்டிப் பார்க்கும். தூரத்திலிருந்து கருவியை இயக்குவதற்கான டெல்நெட் என்ற பழைய வாசல் திறந்திருந்தால், தன்னிடமுள்ள அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்பது அதில் ஒன்று. 123456 என்பதும் இருந்தது. உள்ளே போனதும் வாசலைச் சாத்திக்கொள்ளும், ஏற்கெனவே வேறு யாரும் அங்கே குடியிருந்தால் விரட்டிவிடும். கமரா வழக்கம்போலப் படம் பிடித்துக்கொண்டே இருப்பதால் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி முதல் 20 மணித்தியாலத்தில் சுமார் 65,000 கருவிகள் சேர்ந்தன. உச்சக்கட்டத்தில் அந்தத் தொகை 6 இலட்சத்தைத் தொட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தினதும் தபால் சேவையினதும் முகவரிகளைத் தட்டாமல் விலகிப் போகும்படி எழுதியிருந்தார்கள். பயம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

செப்டெம்பர் மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் தளத்தை இந்தப் படை தாக்கியது. மேற்சொன்ன வாடகைச் சேவைகளை அம்பலப்படுத்தி எழுதுபவர் அவர். அந்த மாத முடிவில், பொலிஸ் நெருங்கிவிடுமோ என்ற எண்ணத்திலோ என்னவோ, மிராயின் மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு படை ஒருவருடையதாக இல்லாமல் போயிற்று.

2016 ஒக்டோபர் 21 ஆம் திகதி வேறு யாரோ அதே நிரலைக் கொண்டு டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். நாம் பாடத்தில் ஆள்களப் பெயர் முறைமை என்று படிக்கிறோம் அல்லவா? தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் இலக்க முகவரியைத் தேடித் தரும் முறை. அந்த வேலையைப் பல பெரிய தளங்களுக்குச் செய்துகொண்டிருந்தது டைன். அது திணறியதும் டுவிட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பொட்டிபை போன்ற தளங்களுக்கு அமெரிக்காவில் பலரால் மணிக்கணக்காகப் போக முடியவில்லை. தளங்களுக்கு எந்தப் பழுதும் இல்லை; விலாசம் சொல்கிறவர் மட்டும் மயங்கிக் கிடந்தார். அப்போது இதை ஒரு நாடு செய்த போர் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். 2020 டிசம்பரில் ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தாக்குதல் நடந்தபோது அவர் 18 வயது நிரம்பாதவர். அவர்களின் நோக்கம் பிளேஸ்டேஷன் வலையமைப்பை விழுத்துவது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் கூறியது. ஒரு விளையாட்டை நிறுத்தப் போனவர்கள் பாதி இணையத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இதை வாசித்த இரவு எனக்கு வாப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. கடையில் நான்கு கமராக்கள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வந்து பூட்டிவிட்டு, போனிலும் பார்க்கலாம் என்று காட்டிவிட்டுப் போனார். மறுநாள் கடைக்குப் போய்ப் பதிவுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின். மூன்று வருடமாக யாரும் தொடவில்லை.

"நம்மட கடையில என்ன இருக்கு களவெடுக்க?" என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். கடையில் இருப்பதற்காக யாரும் வர மாட்டார்கள், கடைக் கமராவையே சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொன்னேன். வாப்பா கமராவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கியது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு இருந்தால் சில நிமிடங்களிலேயே திரும்பவும் தொற்றிக்கொள்ளும். ஆகவே நிறுத்திப் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். சில மலிவான கருவிகளில் டெல்நெட் வாசலின் கடவுச்சொல்லைச் சொந்தக்காரரால் மாற்றவே முடியாதபடி தொழிற்சாலையில் பதித்துவிட்டிருந்தார்கள். டைன் தாக்குதலுக்குப் பின் ஒரு சீன உற்பத்தி நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் கருவிகள் சிலவற்றைத் திருப்பி அழைத்தது அதனால்தான். கமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற நாம், கடவுச்சொல்லை மாற்றலாமா, மென்பொருளை இற்றைப்படுத்தலாமா என்றும் கேட்கலாம்.

மிராயை எழுதிய மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அலஸ்காவிலுள்ள நீதிமன்றம் 2018 இல் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணித்தியாலச் சமூக சேவை, 127,000 டொலர் நட்டஈடு என்று தீர்த்தது. வேறு தாக்குதல்காரர்களைப் பிடிக்க அவர்கள் புலனாய்வாளர்களுக்கு உதவியதே காரணம். முதலில் வாசித்தபோது இது அநியாயம் என்று எனக்குப் பட்டது. திறமைசாலி என்றால் தண்டனை குறைவா? ஆனால் அந்தத் திறமையைக் கொண்டு மற்றத் தாக்குதல்களைத் தடுத்தார்கள் என்பதும் உண்மை. லிசார்ட் ஸ்குவாட்டோடு தொடர்புபட்ட பின்லாந்துப் பையன் ஒருவனின் கதை வேறு விதமாகப் போனது. 2015 இல், 17 வயதில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிக் குற்றங்களுக்காக அவனுக்கு இரண்டு வருட ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆள், உளநலச் சிகிச்சை நிலையம் ஒன்றின் பதிவுகளைத் திருடி, நோயாளிகள் தங்கள் ஆலோசகரிடம் நம்பிச் சொன்னவற்றை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்டதாக 2024 இல் பின்லாந்து மாவட்ட நீதிமன்றம் தீர்த்து, ஆறு வருடமும் மூன்று மாதமும் சிறை விதித்தது. அவன் குற்றத்தை மறுத்தான். இளையவர்களிடம் மென்மையாக நடப்பது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. தம்பியை வைத்து யோசித்தால் ஒரு பதில் வருகிறது. அந்த நோயாளிகளை வைத்து யோசித்தால் இன்னொன்று வருகிறது.

பிரித்தானிய முகவரகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று, இணையக் குற்ற விசாரணைகளில் சிக்கியவர்களின் சராசரி வயது 17 என்கிறது. பலருக்குக் காசு முதல் நோக்கம் அல்ல. கூட்டாளிகள் மெச்ச வேண்டும், சவாலை முடித்துக்காட்ட வேண்டும் என்பதே பெரிது. விளையாட்டில் ஏமாற்றும் வழிகளைத் தேடிப் போகும் இடங்களிலிருந்துதான் பலர் தொடங்குகிறார்கள். நமது நாட்டிலும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. விளையாட்டுக்குச் செய்தேன் என்ற சொல் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை என்று தம்பியிடம் சொன்னேன். உம்மா இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அவனுடைய போனைப் பறித்து அலுமாரியில் வைக்காமல் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவன் என்னிடம் வந்து கேட்டானே, அதுவே பெரிய காரியம்.

கடைக் கமராவுக்குப் புதுக் கடவுச்சொல் போட்டாயிற்று. பதினான்கு எழுத்து. வாப்பா அதைக் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்; அதற்கு மேல் அவரை வற்புறுத்த முடியவில்லை. போன கிழமை கமரா பூட்டியவர் ஏதோ வேலையாகக் கடைக்கு வந்தாராம். வந்தவர் பழைய சொல்லை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், பெட்டி பழுதாப் போச்சு, புதுசு போடணும்" என்றாராம். வாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தார்.